கம்பி இல்லாத பெல்ட்

மார்ச் 6

அக்காவுக்கு,

முதலில் நலமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே அப்பா நலமாக இல்லை. உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வேனின் பின் சீட்டைக் கழற்றி இறக்கும்போது அவர் முதுகில் ஏதோ 'கடக்' என்றதாம். கனமான சீட்கூட இல்லை. பழைய ஃபோம் எல்லாம் உருவிப் போட்ட வெறும் சட்டம். மறுபக்கம் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பா அப்படியே நின்றார். "தூக்கினது எலி, விழுந்தது யானை" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

சுளுக்குதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நம்ம சீட் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

முதுகெலும்பில் ஒன்று முன்பக்கமாக நசுங்கியிருக்கிறது. மார்புக்கூடு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பாரமெல்லாம் அங்கேதான் விழுமாம். அங்கே ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பின் அடர்த்தியையும் பார்த்தார்கள். "வெளியில பார்த்தா தேக்கு மாதிரி இருக்கீங்க. உள்ள எலும்பு பஞ்சா இருக்கு" என்றார். அப்பா உடனே, "பஞ்சு நம்ம தொழில்தானே டாக்டர்" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் வரும். முதுகுப் பக்கம் இரண்டு பட்டையான அலுமினியக் கம்பிகள் உள்ளே இருக்கின்றன. படுத்திருக்கும்போதே மாட்டிக்கொண்டு பிறகுதான் எழ வேண்டும். மூன்று மாதம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. "இப்ப ஒட்டினாதான் உண்டு. ஒட்டாம போயிட்டா பெரிய தொல்லை" என்றார் டாக்டரம்மா. வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டதற்கு அப்பா என்னைக் கைகாட்டினார். "உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

கேட்க நிறைய இருந்தது. இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன் பண்ணாதே. எந்த போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுகிறார். பட்டறை முகவரிக்கு எழுது, தபாலை நான்தான் வாங்குவேன்.

பூனை


மார்ச் 13

பூனைக்கு,

எழுதக் கூடாது என்றாரா? நல்லது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் "போனவ போனவளாவே இருக்கட்டும்" என்றவர், முதுகு உடைந்தால் மட்டும் மாறிவிடுவாரா? முறிந்தாலும் வளையாத ஆள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைப் போர்வை மேலேயே வைத்துவிட்டேன். ஹோட்டல் போர்வை. இனி அது பழுப்பு வட்டத்தோடுதான் வாழ வேண்டும். மேற்பார்வையாளர் கத்திய கத்தல் சலவைக்கூடம் முழுக்கக் கேட்டது. அதை விடு.

என் அறையில் இருக்கும் பெண் ஒரு எலும்பு வார்டில் நர்ஸ். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீ பதில் எழுது.

இன்னும் சிகரெட் பிடிக்கிறாரா? புகை பிடித்தால் எலும்பு ஒட்டுவது தள்ளிப்போகுமாம். சர்க்கரை இருக்கிறதா? வெயிலில் நிற்கிறாரா, இல்லை அந்த இருட்டுப் பட்டறையிலேயே கிடக்கிறாரா? இதெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாள். "மூச்சிரைப்பு ஏதாவது உண்டா? அதுக்கு மாத்திரை போடறாரா?"

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இழுப்பு வந்தால் மருந்துக்கடையில் போய் "வழக்கமானது குடு" என்பாரே. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே போடுகிறார். அது ஸ்டீராய்டாக இருந்தால், எலும்பைக் கரையான் மாதிரி தின்றிருக்கும் என்கிறாள் சிஸ்டர். உடைந்த எலும்பை ஒட்டவும் விடாதாம். டாக்டரிடம் சொன்னாரா?

ஒன்று முக்கியம். அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. ரொம்ப வருஷம் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? பட்டறையை யார் பார்க்கிறார்கள்? அதையும் நீதான் பார்க்கிறாய் என்று எழுதாதே. எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

அப்படியானால் பட்டறையைப் பற்றி எழுதவில்லை.

சிகரெட் இருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் ரெக்சின் சுருள்களுக்கு மறைவில் நின்று பிடிக்கிறார், ஏதோ நான் அவருக்கு அப்பா மாதிரி. சர்க்கரை கொஞ்சம்தான் என்று சொன்னார்கள். வெயில் இல்லை. மாத்திரை போடுகிறார். அதே வெள்ளை மாத்திரைதான்.

டாக்டரம்மா கேட்டார், அக்கா. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று தெளிவாகக் கேட்டார். "மூணு வேளை சோறு சாப்பிடறேன் டாக்டர், அதுவே என் பொண்ணு மிரட்டினாத்தான்" என்றார் அப்பா. மருந்துக்கடை மாத்திரையை அவர் மாத்திரையாகவே நினைப்பதில்லை. அது டீ மாதிரி. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாய்வரைக்கும் வந்தது. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வலி குறைய வேண்டும்தானே? உட்கார்ந்துவிட்டால் நன்றாக இருக்கிறார், கதை பேசுகிறார். படுத்து எழும்போதுதான் வலி. புரண்டு படுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம். எழுந்து நின்றதும் மறுபடி போய்விடுகிறது. "பார்த்தியா, நடந்தா சரியாயிடுது. படுக்கைதான் வியாதி" என்று பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் கடைசிக்குத் தள்ளிவைத்தேன்.

நேற்று பெல்ட்டை வெயிலில் காயப்போட எடுத்தேன். துணி மாதிரி என் கையில் மடிந்தது. முதலில் வேறு பெல்ட்டோ என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தால் முதுகுப் பக்கத் தையல் அப்பாவின் தையல். ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு முடிச்சை உள்ளே மறைப்பாரே, அதேதான். கம்பி இருந்த இடத்தில் ஃபோம். நல்ல ஃபோம். வெளிநாட்டுக் கார்களுக்கு வைப்பது.

நான் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்: "எப்படி? கம்பெனிக்காரன் தோத்தான்ல? முதுகைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷமா ஊர்ல உள்ளவன் முதுகெல்லாம் நான் தைச்ச சீட்லதான் சாயுது. முதுகுக்கு மெத்தை வேணும் பூனை. கம்பி வச்சா குத்தாதா?"

"டாக்டர் சொன்னாங்களே" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

"டாக்டரை ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு ஃபோம் வெட்டச் சொல்லு பார்ப்போம்."

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் குனிந்து நடக்கிறார் என்று தோன்றுகிறது. நான் பயத்தில் அப்படிப் பார்க்கிறேனா, இல்லை நிஜமா என்று தெரியவில்லை.

பூனை


மார்ச் 26

பூனைக்கு,

நிஜம்தான். உன் கண்ணை நம்பு.

சிஸ்டரிடம் ஃபோம் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். அந்தக் கம்பி குத்துவதற்காகத்தான் இருக்கிறதாம். குனியப் போனால் குத்தும், ஆள் நிமிர்ந்துகொள்வான். குத்தாத பெல்ட் போடாத பெல்ட்டுக்குச் சமம்.

நீ எழுதியிருந்தாயே, படுத்து எழும்போது வலி, நின்றால் போகிறது என்று. அதைத்தான் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். எலும்பு ஒட்டாமல் உள்ளே ஒரு வெடிப்பாக நின்றுவிட்டால் அப்படி வலிக்குமாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இல்லை, படம் எடுத்தால்தான் தெரியும். ஆனால் காத்திருக்கக் கூடாது. அந்த எலும்பு இன்னும் நசுங்கிப் பின்பக்கமாகத் தள்ளினால் நரம்பை அழுத்தும். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு. அடுத்த தேதி எப்போது என்று பார்க்காதே.

டாக்டரிடம் நீ சொல்ல வேண்டும். மாத்திரை, சிகரெட், பெல்ட், எல்லாம். நீதான்.

நீயே போன் பண்ணி டாக்டரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஆஸ்பத்திரி எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். நோயாளியைப் பற்றி போனில் பேச மாட்டார்களாம், கூட வருபவர் நேரில் சொல்லட்டும் என்று வைத்துவிட்டார்கள். நான் நேரில் வந்தால்? வரலாம். ஆனால் நான் சொல்லி அவர் எதையாவது செய்திருக்கிறாரா? நான் கிழக்கு என்றால் சூரியனையே மேற்கே திருப்பப் பார்ப்பார்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு, உன்னை என்னோடு கூட்டிப்போய்ப் படிக்கவைக்கிறேன் என்று கேட்டபோது, அப்பா கத்தினார். அது பெரிதில்லை. "நீ சொல்லுடி, வர்றியா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ சுவரைப் பார்த்தாய். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சுவர்தான் கண்ணில் நின்றது. இந்த முறை சுவரைப் பார்க்காதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரும் என்று உங்கள் யாருக்கும் தெரியாது.

நான் சுவரைப் பார்த்ததற்குக் காரணம் கேட்காமலே போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றாலே எனக்குப் பேச்சு வராது. புது ஊரில் புதுப் பள்ளிக்கூடம் என்றால் செத்தே போவேன் என்று நினைத்தேன். பட்டறையில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அளவெடுத்து வெட்டிக் கொடுத்தால் போதும். அப்பாவுக்காக இருந்தேன் என்று நீயும் அப்பாவும் நினைக்கிறீர்கள். எனக்காகத்தான் இருந்தேன். இதை நேரில் சொல்லச் சொன்னால் இப்போதும் சுவரைத்தான் பார்ப்பேன்.

இங்கே அவர் முகத்தைப் பார்ப்பது நான். எல்லோர் எதிரிலும் நான் அவரைக் காட்டிக்கொடுத்தால், பிறகு வீட்டுக்குத் திரும்பி வருவதும் நாங்கள் இரண்டு பேரும்தான். நீ அங்கிருந்து "நீதான்" என்று எழுதிவிடுகிறாய்.

சரி. கோபம் முடிந்தது.

கம்பியைத் திரும்ப வைத்துத் தைத்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டறை முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"அதுவா? நல்ல அலுமினியம். வீணாப் போகலாமா? அந்தப் பச்சை வேன்காரன் டிரைவர் சீட் சாய்மானம் தொளதொளன்னு இருந்துச்சு, உள்ள வச்சுத் தைச்சுட்டேன். இப்ப பாரு, ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுறான்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊரில் எவனோ ஒருத்தன் அப்பாவின் முதுகெலும்பில் சாய்ந்துகொண்டு வண்டி ஓட்டுகிறான். இவர் ஃபோமைக் கட்டிக்கொண்டு குனிந்து நடக்கிறார்.

இன்று காலையில் கட்டிலில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது, "பூனை, இந்தக் கால்ல செருப்பு இருக்கா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்க்கக் கூடாது என்பதால் கேட்கிறாரோ என்றும் நினைத்தேன். இருக்கிறது என்றேன். "அப்படியா?" என்றார்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நாளைக்கே கூட்டிப்போகிறேன். சந்தேகம் கேட்கத்தான் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

பேசுவேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

பூனை


ஏப்ரல் 6

பூனைக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. இதற்குள் நீங்கள் போய் வந்திருப்பீர்கள். போன் பண்ணினேன், பொறுக்க முடியாமல். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பட்டறைக்கு அடித்தால் அங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களா? கால் எப்படி இருக்கிறது?

விடுப்பு கேட்டிருக்கிறேன். பழுப்பு வட்டம் போட்டவளுக்கு விடுப்பா என்று மேற்பார்வையாளர் முறைத்தார். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வருவேன்.

காரணம் கேட்காமல் போனது தப்புதான். அந்தக் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் எல்லாவற்றையும் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நடக்கிற சண்டையாகவே பார்த்துப் பழகிவிட்டேன். நீ நடுவில் நின்றாய் என்று நினைத்தேனே தவிர, உனக்கென்று ஒரு பக்கம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பேசியிருந்தாலும் பேசாவிட்டாலும் எழுது. இரண்டு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

போனை எடுக்காதது அப்பாதான். உன் எண் என்று தெரிந்தும் அடிக்க விட்டார். எனக்குப் பேச்சு வராதது போல அவருக்கு இப்போது காதும் கேட்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

டாக்டரம்மா முதலில் அப்பாவிடம் கேட்டார். வலி எப்படி, பெல்ட் போடுகிறீர்களா என்று. "தினமும் போடறேன். அது இல்லாம இருக்கவே முடியலை" என்றார். பொய் இல்லையே, போடுகிறார்தானே. கால் மரத்துப்போவதைப் பற்றி மூச்சே விடவில்லை. டாக்டரம்மா குறித்துக்கொண்டு, "சரி, அடுத்த மாசம் வாங்க" என்று பேனாவை மூடினார். அப்பா எழுந்துவிட்டார். கதவுவரைக்கும் போய்விட்டோம்.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. "பெல்ட்ல கம்பி இல்லை" என்றேன்.

யாரோ பேசியது போல இருந்தது. டாக்டரம்மா, "என்னம்மா?" என்றார். நான் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சுவர் இல்லை, கதவு. கம்பியை எடுத்துவிட்டு ஃபோம் வைத்திருக்கிறார், மூச்சிரைப்புக்கு வெள்ளை மாத்திரை பல வருஷமாகப் போடுகிறார், சிகரெட் பிடிக்கிறார், காலில் செருப்பு இருப்பது தெரியவில்லை. ஒரே மூச்சில். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று தெரியும்.

"உளறாத" என்றார் அப்பா. அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. பெல்ட்டை வாங்கிப் பார்த்தார். "தையல் அருமை" என்றார். பிறகு காலைத் தட்டிப் பார்த்தார், குதிகாலில் நடக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். வலது பாதத்தில் இரண்டு இடத்தில் அப்பா பதில் சொல்லவில்லை. தொட்டதே தெரியவில்லை.

அன்றைக்கே படம் எடுத்தார்கள். படுக்கவைத்து ஒன்று, உட்காரவைத்து ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அக்கா, ஒரே எலும்புதான், ஆனால் ஒன்றில் உயரமாக இருந்தது, மற்றதில் நசுங்கியிருந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கோடு, படுத்தால் திறக்கிறது, உட்கார்ந்தால் மூடுகிறது. "இத்தனை வாரத்துல இது ஒட்ட ஆரம்பிச்சிருக்கணும். நீங்க ஒவ்வொரு தடவை குனியறப்பவும் இதை அசைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. மாத்திரையும் சிகரெட்டும் ஒட்ட விடலை" என்றார்.

அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பசை காயறதுக்கு முன்னாடி கிளாம்பைக் கழட்டிட்டேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சீட் சட்டத்தை ஒட்டினால் பசை காயும்வரை அசையாமல் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் போடுவாரே.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டு ஸ்கேனும் எடுத்தார்கள். எலும்பு பின்னால் லேசாகத் தள்ளியிருக்கிறது, நரம்பை இன்னும் முழுசாக அழுத்தவில்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். கம்பி வைத்த புது பெல்ட். எலும்பு வளர தினமும் ஒரு ஊசி, பேனா மாதிரி இருக்கிறது, வயிற்றில் நான்தான் போடுகிறேன். வெள்ளை மாத்திரையை அவர்களே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூச்சுக்கு இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி படம். அதற்குள் கால் பலம் குறைந்தால் ஆபரேஷன்தான். எலும்பு பஞ்சாக இருப்பதால் அதில் திருகாணி நிற்குமா என்பதே சந்தேகமாம். ஒட்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒட்டலாம் என்றுதான் சொன்னார்கள். அந்த 'லாம்' என் காதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை அவர் எழும்போதும் நான் அவர் பாதத்தைத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரர் பார்க்க வந்தபோது, "வாயில்லாப் பூனைன்னு நினைச்சு வளர்த்தேன். அது புலின்னு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது" என்று என் காதில் விழும்படி சொன்னார். சிகரெட் பாக்கெட் மட்டும் ஜன்னல் மேலேயே தொடாமல் கிடக்கிறது.

காலையில் அவர் எழுவதற்கு முன்னால் பெல்ட்டை மாட்ட வேண்டும். நான் போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாக, மரக்கட்டை உருளுவது போலப் புரளுவார். நான் கீழே விரிப்பேன், மறுபடி புரளுவார், பட்டையை இழுத்து ஒட்டுவேன். வலிக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாமல் டாக்டரம்மா காட்டிய அளவுக்கு இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இன்று அப்படி இழுத்துவிட்டு நகரப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொளதொளன்னு இருக்கு. இன்னும் இறுக்கு" என்றார்.

பூனை